தட்டில் தெரியக்கூடாது

ரெட் கிளிஃப்ஸ்
18 ஏப்ரல் 1977

அன்புள்ள க்ளெனிஸ் அக்காவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் தம்பி கெல்வினின் மனைவி நான். பெயர் நோலீன். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் கல்யாணத்துக்கு உங்களை அழைத்தோம். நீங்கள் வரவில்லை, ஒரு மேசைவிரிப்பு மட்டும் அனுப்பினீர்கள். அந்தப் பொட்டலத்தின் மேலிருந்த அடிலெய்டு விலாசத்தைக் கிழித்து வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முந்நூறு பேருக்குச் சமைப்பதாகக் கெல்வின் ஒருமுறை சொன்னார். கேலியாகத்தான் சொன்னார். அதை நம்பி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுச் சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

வெள்ளிக்கிழமை தோறும் ஒரு உறையில் பணம் தருகிறார். சாப்பாட்டுக்கு மட்டும். மற்ற எதற்கும் கேட்டு வாங்க வேண்டும். கடைச் சீட்டு கேட்பதில்லை. ஆனால் தட்டைப் பார்ப்பார், அலமாரியைத் திறந்து பார்ப்பார், குப்பைத் தொட்டியையும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரோஸ்ட், புதன்கிழமை சாப்ஸ். அதில் மாற்றம் இருக்கக் கூடாது. நான் குறைப்பது தட்டில் தெரியக்கூடாது. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்குப் பதில் எழுத வேண்டாம். நெடுஞ்சாலையோரம் காய்கறிக் கொட்டகை வைத்திருக்கும் திருமதி ஸனோட்டி பேருக்கு எழுதுங்கள். என்னிடம் சேர்த்துவிடுவார். உறையின் மேல் என் பெயர் வேண்டாம்.

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு இது மூன்றாவது. தொந்தரவாக இருந்தால் பதிலே போட வேண்டாம். கெல்வினிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நோலீன்


அடிலெய்டு
26 ஏப்ரல்

நோலீன்,

ஏன் என்று கேட்க மாட்டேன். சும்மா சிக்கனம் பிடிக்கிற பெண் யாரும் உறையின் மேல் பெயர் வேண்டாம் என்று எழுதமாட்டாள்.

முதல் வாரம் எதையும் மாற்றாதே. எப்போதும் வாங்குவதையே வாங்கு. எது மிஞ்சுகிறது, எது வாடுகிறது, எதை வீசுகிறாய் என்று மட்டும் பார். எங்கள் சமையலறையில் புதிதாகச் சேரும் பெண்களை முதலில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவேன். செலவு எங்கே ஓடுகிறது என்று அதுவே சொல்லும்.

அப்புறம் கசாப்புக்கடை. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடை சாத்துவார்கள் இல்லையா, பத்து நிமிஷம் முன்னால் போ. திங்கட்கிழமை வரைக்கும் இறைச்சியை வைத்திருக்க எந்தக் கடைக்காரனுக்கும் மனசு வராது. தொடை வாங்காதே, தோள்பட்டை வாங்கு. எலும்பை எடுத்துவிட்டு, வெங்காயமும் ரொட்டித் தூளும் அடைத்து, சுருட்டி நூலால் இறுக்கிக் கட்டு. மூடி போட்டு மூன்று மணி நேரம் மெல்லிய சூட்டில் வை. எலும்பைக் கொதிக்க வைத்தால் இரண்டு நாள் சூப்புக்கு ஆகும்.

முந்தின நாள் ரொட்டியை வாங்கு. மேலே தண்ணீர் தெளித்து அடுப்பில் வைத்தால் காலையில் சுட்டது போலிருக்கும். பாலில் பாதி பால்பவுடர் கரைத்து, அதே புட்டியில் ஊற்றி, அதே மூடியைப் போடு. முந்தின ராத்திரியே கலந்துவிடு. குளிர்ந்துவிட்டால் வாடை தெரியாது. ஸனோட்டி அம்மாவிடம் கோணல் காரட்டும் வெடித்த தக்காளியும் கேள். காலிஃபிளவர் தண்டை வீசாதே.

ஆனால் உருளைக்கிழங்குத் தோலைச் சீவித்தான் ஆக வேண்டும். தொட்டியில் தோல் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்பான். எங்கள் அப்பா கேட்பார்.

க்ளெனிஸ்


ரெட் கிளிஃப்ஸ்
23 மே

அன்புள்ள அக்கா,

ஒன்றை நீங்கள் மறந்துவிட்டீர்கள். ரோஸ்டை அவர்தான் வெட்டுவார். நான் வெட்டிக் கொண்டுவந்து வைக்க முடியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை கத்தியை வழக்கமான இடத்தில் இறக்கினார். எலும்பில் இடிக்க வேண்டிய கத்தி நேராகத் தட்டுவரை போயிற்று. அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“எலும்பு எங்க?”

கசாப்புக்காரர் டக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார், வெட்டச் சுலபமாக இருக்குமாம் என்றேன். என் குரல் எங்கோ பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் இருந்தது. எங்கள் மகள் லியான் முள்கரண்டியைப் பிடித்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு வயது. அவர் ஒரு துண்டு வாயில் போட்டார், மெதுவாக மென்றார். நாலு துண்டு சாப்பிட்டார். “நல்லாத்தான் இருக்கு. இனிமே இப்படியே வாங்கு” என்றார்.

நான் துணி துவைக்கும் அறைக்குப் போய்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் நடக்கிறது. ரொட்டி, பால், சூப் எல்லாமே. தேயிலையைக்கூட மலிவானதாக வாங்கிப் பழைய டப்பாவில் நிரப்புகிறேன். மிச்சமாவது கொஞ்சம்தான். ஆனால் வாரா வாரம் மிச்சமாகிறது. ஒவ்வொரு வேளையும் அவர் முதல் வாய் விழுங்கும்வரை நான் என் முள்கரண்டியை எடுப்பதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்க முடியவில்லை. தொட்டியில் தோல் இருக்கிறதா என்று பார்ப்பார் என்பது வரை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் மற்றதும் தெரியும். கல்யாணத்தின்போது எனக்கு இருபத்தோரு வயது. ஒரு வரி எழுதியிருக்கலாம். மேசைவிரிப்பு அனுப்பினீர்கள்.

நோலீன்


அடிலெய்டு
6 ஜூன்

நோலீன்,

நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. இன்றைக்கு எழுத முடியவில்லை.

குளிர்காலம் வந்துவிட்டது, உனக்கு அது நல்லது. பன்றிக்கால் எலும்பும் உடைத்த பட்டாணியும் போட்ட சூப்பை எந்த ஆணும் குறை சொல்லமாட்டான். மாட்டுக் கன்ன இறைச்சி வாங்கு. பார்க்க அசிங்கமாக இருக்கும், நாலு மணி நேரம் அடுப்பில் இருந்தால் வெண்ணெயாகிவிடும். நறுக்கிவிட்டால் எது எந்த இடத்து இறைச்சி என்று கடவுளுக்கும் தெரியாது.

சேர்வதை வீட்டில் வைக்காதே. மாவு டப்பா, தேயிலை டப்பா, தையல் பெட்டி, எதிலும் வேண்டாம். அங்கேதான் முதலில் கை போகும். ஸனோட்டி அம்மாவிடம் கொடுத்து வை.

லியானுக்கு எதுவும் தெரியக்கூடாது. ஏழு வயதுக் குழந்தையால் இதைச் சுமக்க முடியாது. சுமக்கவும் விடாதே.

க்ளெனிஸ்


ரெட் கிளிஃப்ஸ்
11 ஜூலை

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது லியான் சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணமில்லாமல், பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அப்பா, அம்மா பால்ல மாவு கலக்குறாங்க.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்ன மாவு என்று அவளைத்தான் கேட்டார், என்னை இல்லை. கஸ்டர்டு மாவு, புட்டிங் செய்தேன் என்று நான் முந்திக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “உன்னத்தான் கேட்டேன், கண்ணு. என்ன மாவு?” என்றார், அவ்வளவு அன்பாக.

லியான் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “புட்டிங் மாவுதான்” என்றாள். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னாள், அக்கா.

பிறகு துணி துவைக்கும் அறையில் வைத்து அவள் கையைக் கிள்ளினேன். சிவந்து போகும் அளவுக்கு. இனிமேல் வாயைத் திறப்பாயா என்று கேட்டுக் கேட்டுக் கிள்ளினேன். அவள் அழவில்லை. சத்தம் வராமல் இருக்க எங்கே கற்றுக்கொண்டாள்? என்னைப் பார்த்துத்தானே. அன்றைக்கு அவரைவிட என்னைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். பால்பவுடர் கிடைக்கவில்லை, நான் ஏற்கெனவே எடுத்துவிட்டேன். தேயிலையை முகர்ந்து பார்த்தார். வேறு தேயிலை என்று கண்டுபிடித்துவிட்டார். கை அலமாரிக் கதவில் மாட்டிக்கொண்டது என்று டாக்டரிடம் சொன்னேன். கதவுதான். அது பொய் இல்லை.

போதும் என்று தோன்றுகிறது. பழையபடி தொடை இறைச்சியே வாங்கி, பழையபடியே இருந்துவிடலாமா?

நோலீன்


அடிலெய்டு
17 ஜூலை

நோலீன்,

மே மாதத்தில் நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவும் சேர்த்தார். நீ செய்வதையெல்லாம் அம்மாவும் செய்தார். சூப், தோள்பட்டை, தண்ணீர் தெளித்த ரொட்டி எல்லாம் நான் ஆஸ்பத்திரியில் கற்றதில்லை. அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு நின்று கற்றது. முயல்காரனிடம் முயல் வாங்கிக் கோழி என்று பரிமாறுவார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். கெல்வின் அப்போது தொட்டிலில் இருந்தான்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு நாள் அப்பா என்னை மடியில் உட்கார வைத்து ஒரு டாஃபி கொடுத்தார். அவர் அப்படிச் செய்ததே கிடையாது. அம்மா எவ்வளவு கெட்டிக்காரி பார், இவ்வளவு சிக்கனமாகச் சமைக்கிறாள், அந்த மிச்சத்தை எங்கே வைக்கிறாள், நாம் ரெண்டு பேரும் சேர்ந்து அவளுக்கு ஒரு பரிசு வாங்கலாம் என்றார். நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சிரப் டப்பா. ஓடிப்போய்க் காட்டினேன், நோலீன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை. சாகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். யார் சொன்னது என்று ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்தேன். கெல்வினை விட்டுவிட்டு வந்தேன். அவன் யாரைப் பார்த்து வளர்ந்தானோ அப்படியே ஆகிவிட்டான் என்று யாரோ சொல்லிக் கேட்டேன். உன் கல்யாணப் பத்திரிகை வந்தபோது உனக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது? அவன் மாறியிருக்கலாம், நான் ஒரு நல்ல விஷயத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. மறுபடியும் வாயைத் திறக்க எனக்குப் பயம். அதனால் மேசைவிரிப்பு.

லியானிடம் போய் மன்னிப்புக் கேள். இன்றைக்கே கேள். அவள் செய்தது தப்பு இல்லை என்று அவள் காதால் கேட்க வேண்டும்.

நிறுத்தாதே.

க்ளெனிஸ்


ரெட் கிளிஃப்ஸ்
19 செப்டம்பர்

அக்கா,

கை ஆறிவிட்டது. லியானிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லம்மா” என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

இப்போது வேறொன்று நடந்துவிட்டது. உடனே பதில் போடுங்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மதுக்கடைக்குப் போனவர் அங்கே கசாப்புக்காரர் டக்கெட்டைப் பார்த்திருக்கிறார். பாவம், அந்த மனிதர் என்னைப் புகழ்ந்திருக்கிறார். உன் பெண்டாட்டியைப்போல் வாங்கத் தெரிந்தவள் இந்த ஊரில் இல்லை, கடை சாத்துகிற நேரம் பார்த்து வருகிறாள், தோளும் கன்னமும் எலும்பும் கால் விலைக்கு வாங்கிப் போகிறாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். கோபமே இல்லை. நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

“நீ இவ்ளோ கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியாமப் போச்சே” என்றார். “அப்ப உனக்குப் பாதி போதும்.”

உறையைத் திறந்து பாதியை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். இனிமேல் சனிக்கிழமை தானும் கடைக்கு வருவதாகவும், டக்கெட் என்னைப் புகழ்வதைப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்றும் சொன்னார். அடுத்த மூன்று சனிக்கிழமையும் அவர் வேலை பார்க்கும் பழக் கொட்டகையில் வேலை இருக்கிறது. அக்டோபர் பதினைந்திலிருந்து வருவார்.

எழுந்து போகும்போது என் தோளில் கை வைத்தார். “இத்தனை மாசமா மிச்சம் பிடிச்சது எங்கன்னு யோசிச்சு வை. அவசரமில்ல.”

அவசரமில்லை என்று அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவை சொல்கிறார். சாப்பாடு பரிமாறும்போது சொல்கிறார். நேற்று லியானின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

திருமதி ஸனோட்டியிடம் இருப்பது பேருந்துக்குப் போதும், அதற்குப் பிறகு சில வாரங்களுக்கும் தாங்கும். உங்கள் வீட்டுக்கு வரட்டுமா?

நோலீன்


அடிலெய்டு
22 செப்டம்பர்

நோலீன்,

என் வீட்டுக்கு வராதே. அவன் முதலில் இங்கேதான் வருவான்.

என்னோடு பன்னிரண்டு வருடம் வேலை செய்த மேவிஸ், கடலோரத்தில் மீனவர்கள் தங்கும் விடுதியில் சமையலறையை நடத்துகிறாள். ஒரு ஆள் வேண்டுமாம். தங்க அறையும் உண்டு. உன்னைப் பற்றி எதுவும் கேட்கமாட்டாள், நான் சொல்லியாயிற்று. விலாசம் உள்ளே தனிக் காகிதத்தில். மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துவிடு.

செவ்வாய், அக்டோபர் நான்கு. அவன் காலை வேலைக்குப் போனதும் லியானைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதுபோல் கிளம்பு. பெட்டி வேண்டாம், கடைக்குக் கொண்டுபோகும் பையே போதும். உங்கள் ஊரில் பேருந்து ஏறாதே. ஸனோட்டி அம்மாவைக் காய்கறி வண்டியில் அடுத்த ஊர்வரை கொண்டுபோய் விடச் சொல்.

முந்தின நாளே நல்ல ஸ்டூ ஒன்று வைத்துவிடு. அவனுக்குப் பிடித்ததாக, தாராளமாக. மேசையில் தட்டுப் போட்டு, ரொட்டி வெட்டி மூடி வை. லியானோடு பல் டாக்டரிடம் போயிருப்பதாகச் சீட்டு எழுதி வை. சாப்பாடு தயாராக இருந்தால் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவான். அந்த நேரம் உனக்குக் கிடைக்கும்.

இதற்குப் பதில் எழுதாதே.

க்ளெனிஸ்


அடிலெய்டு
16 அக்டோபர்

நோலீன்,

நீ வந்து சேர்ந்ததாக மேவிஸ் எழுதியிருந்தாள். மூன்று தடவை படித்தேன்.

அவன் வந்தான். நேற்று, சனிக்கிழமை, நல்ல வெயிலில். கதவைத் திறந்தால் என் அப்பா நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன். அதே தோள், நிற்கும்போது தலையைச் சாய்க்கும் அதே சாய்ப்பு. முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு அவனைப் பார்க்கிறேன். எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது, முந்நூறு பேருக்குச் சமைக்கிற இடத்தை அதட்டி நடத்துகிறேன், ஆனால் ஒன்பது வயதுப் பெண்போல் வழிவிட்டு ஒதுங்கினேன்.

உள்ளே வந்துவிட்டான். அறை அறையாகப் போனான். குளியலறையில் பல்துலக்கும் பிரஷ் எத்தனை இருக்கிறது என்று பார்த்தான். சமையலறை அலமாரியையும் திறந்தான். பிறகு என் மேசையில் உட்கார்ந்துகொண்டான்.

“பசிக்குது” என்றான்.

முட்டை பொரித்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே பேசினான். நீ எவ்வளவு நன்றாகச் சமைப்பாய் என்று சொன்னான், கண் கலங்கிற்று. நோலீன், அது நடிப்பு இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உனக்குத் தெரியும், அக்கா. குழந்தை எங்கிட்ட இருக்க வேணாமா? எங்கன்னு மட்டும் சொல்லு. நான் அவங்கள எதுவும் செய்ய மாட்டேன்.”

இவ்வளவு மெதுவாக, இவ்வளவு இனிமையாக ஒருவர் என்னிடம் கேட்டது வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

தெரியாது என்றேன். மறுபடி கேட்டான். தெரியாது என்றேன். பிடி இறுகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் விரல்கள் நீலமாகிவிட்டன. திறந்திருந்த ஜன்னலுக்கு எதிரே, பக்கத்து வீட்டு வயதான போலந்துக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். கெல்வின் கையை விட்டான், அவருக்கு மரியாதையாக வணக்கம் சொன்னான், போய்விட்டான். போகும்போது வாசலில் நின்று, “அவசரமில்ல” என்றான்.

நான் பூட்டை மாற்றிவிட்டேன். போன வாரமே ஒரு வக்கீல் பெண்ணைப் பார்த்து வைத்தேன், இலவசமாகச் செய்கிறாள். விவரம் தனிக் காகிதத்தில். அவளுக்கு எழுது. உன் கை கதவில் நசுங்கியதைப் பற்றியும் எழுது. டாக்டரின் பெயரையும் போடு.

க்ளெனிஸ்


(ஊர் எழுதவில்லை)
20 நவம்பர் 1977

அன்புள்ள க்ளெனிஸ் அக்கா,

வக்கீல் அம்மாவுக்கு எழுதிவிட்டேன். இரண்டு தடவை போனில் பேசினார். நீதிமன்றத்துக்குப் போவேன் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே இருபது பேருக்குச் சமைக்கிறோம். வந்த வாரமே மேவிஸின் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எவ்வளவு மீன்தலை வீசுகிறார்கள் தெரியுமா? இப்போது எல்லாம் சூப்பாகிறது. நான் வந்ததிலிருந்து மளிகைச் செலவு இறங்கிவிட்டதாம், மேவிஸ் முதலாளியிடம் சொல்லி எனக்குச் சம்பளம் கூட்டச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை, பதறினேன். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

விடுதிக் கதவு திறந்தால் யார் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. படகிலிருந்து இறங்கும் ஆண்கள் யாராவது தலையைச் சாய்த்து நின்றால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். இது போகுமா, அக்கா? உங்களுக்குப் போயிற்றா? போகவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

நேற்று மதியம் எங்கள் அறைக்காக முதல் முறையாகக் கடைக்குப் போனோம். லியானிடம் உனக்குப் பிடித்த பிஸ்கட் ஒன்று எடுத்துக்கொள் என்றேன். வெகுநேரம் நின்று, மேலே இளஞ்சிவப்பு ஐசிங்கும் தேங்காய்த் துருவலும் போட்டது ஒன்றை எடுத்தாள். விலை அதிகம்தான். வாங்கினேன்.

அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தின்றாள். பொட்டலத்தை மடித்து மூடினாள். பள்ளிப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து, “இங்கயும் எத்தனைன்னு அடியில எழுதணுமாம்மா?” என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. எதை எழுதுவது என்றேன். பொட்டலத்தில் மீதி எத்தனை இருக்கிறது என்று அப்பா தினமும் அதன் அடியில் சின்னதாக எழுதி வைக்கச் சொல்வாராம். டப்பாக்களிலும் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வைத்து அவரிடம் சொல்ல வேண்டுமாம். என்னிடம் சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். இந்த வருடம் முழுவதும் அவள் சொல்லி வந்திருக்கிறாள். அந்தப் பால் விஷயத்துக்குப் பிறகு, குறைந்திருந்ததையெல்லாம் குறையாததுபோல் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள். “நான் சரியா எண்ணலம்மா, வேணும்னே” என்றாள்.

வேண்டாம் கண்ணு, இங்கே எழுத வேண்டாம் என்றேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு மூன்றாவது பிஸ்கட்டை எடுத்தாள். கடிக்கும் முன் கதவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தாழ்வாரத்தில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து போனார்கள். சத்தம் மாடிப்படியில் இறங்கி மறையும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு அவள் கடித்தாள்.

அன்புடன்,
நோலீன்